நாலு பக்கத்தில் பென்சில் எழுத்து

பரவை,
18.11.2024

அடியேய் லச்சு,

உன் கருமாதி முடிந்து மூன்று நாள் ஆகிறது. உன் காலேஜ் பையை இன்றைக்குத்தான் திறந்தேன். உள்ளே உன் கூட்டாளி காவ்யஸ்ரீயின் கட்டுரை இருந்தது. ஏதோ ஒரு கதையைப் படித்துவிட்டு அதைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறாள். ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து.

நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். ‘இது உன் கருத்தா, காப்பியா?’ ‘இதற்குக் கதையில் ஆதாரம் எங்கே?’ ‘பலவீனம்.’ ‘திரும்ப எழுது.’ உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் அந்தப் பிள்ளை விழுந்து புரண்டதை நீ பார்க்கவில்லை. நாலு நாள் காய்ச்சலில் போனவள் கூட்டாளியைத் திட்டிவிட்டா போவாள்? உன் ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். மிச்சத்தை வாசிக்கக்கூட இல்லை.

நாளைக்குத் தபாலில் அவளுக்கு அனுப்புகிறேன். இனி உன்மேல் அவளுக்கு வருத்தம் வராது.

உன் அம்மா

மதுரை,
25.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

காவ்யஸ்ரீ எழுதுவது. போன் பண்ணலாம்தான், உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

கட்டுரை கிடைத்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தி கட்டுரையை இன்னொருத்தி வாசித்துக் குறை சொல்ல வேண்டும். பென்சிலில்தான் சொல்ல வேண்டும். அதை ஏற்பதும் அழிப்பதும் கட்டுரை எழுதினவள் இஷ்டம். “பாராட்டி எழுதுன, பேசவே மாட்டேன்டி” என்று லச்சுவிடம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் அவள் போன் பண்ணினாள். “மாப்ள, உன்னையக் கிழிச்சுத் தொங்க விட்டுருக்கேன். ஆனா கடைசிப் பக்கத்துல உனக்குன்னு ஒண்ணு எழுதியிருக்கேன், அதை மொதல்ல படி” என்றாள். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். “அம்புட்டு ஈசியா கெடைக்குமா? நேர்ல வந்து டீ வாங்கிக் குடுத்துட்டு வாங்கிக்க” என்று சிரித்தாள்.

இப்போது ஓரமெல்லாம் அழித்த தடம்தான் இருக்கிறது. அவளே அழித்துவிட்டாளா? என்மேல் கோபமாக இருந்தாளா, அம்மா?

காவ்யா

பரவை,
29.11.2024

மகள் காவ்யாவுக்கு,

அவள் அழிக்கவில்லை தாயி. நான் அழித்தேன். திட்டியிருக்கிறாள் என்று நினைத்து உனக்கு நல்லது செய்வதாக அழித்தேன். உன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் கிடையாது. வாய்க்கு வாய் காவ்யா காவ்யா என்பாள்.

எனக்கு ஞாபகம் இருப்பதைச் சொல்கிறேன், குறித்துக்கொள். ‘இது உன் கருத்தா, காப்பியா?’ என்று ஒன்று. ஆதாரம் எங்கே என்று ஒன்று. பலவீனம் என்பது இரண்டு இடத்தில் இருந்தது. எந்த வரிக்கு எதை எழுதினாள் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் கீழே எட்டு வரி இருந்தது. நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். பெரிதாக இருந்ததால் பெரிய திட்டு என்று நினைத்து, அதைத்தான் முதலில் அழித்தேன். ஒரு எழுத்துக்கூட வாசிக்கவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு.

தங்கப்பொண்ணு

பரவை,
8.12.2024

லச்சு,

இன்றைக்குக் காவ்யா வீட்டுக்கு வந்தாள். கட்டுரையையும் எடுத்து வந்திருந்தாள். கடைசிப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தால் அழிந்த எழுத்து எழும்பும் என்று தேய்த்தாள். நான் ரப்பரை அழுத்தின தடம்தான் வரிவரியாக எழும்பியது. ஒரு இடத்தில் தாள் கிழிகிற அளவுக்குத் தேய்த்திருக்கிறேன்.

“என்னையத் திட்டு ஆத்தா” என்றேன். “விடுங்கம்மா, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். வைதிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கட்டுரையை நாளைக்குக் காலேஜில் அப்படியே கொடுக்கப் போகிறாளாம். திருத்த மனசு வரவில்லையாம். செருப்பை மாட்டும்போது கேட்டாள். “அம்மா, சும்மா ஒரு யூகத்துக்குச் சொல்லுங்க. அவ என்னதான் எழுதியிருப்பா?”

இருபது வருஷம் வளர்த்தேன். பசித்தால் உன் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். ஒரு கதையைப் படித்தால் உனக்குள் என்ன ஓடும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சந்தையில் வேலை முடிந்து வந்து படுக்கத்தான் தெம்பு இருந்தது. அந்தப் பிள்ளை பதில் வாங்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்த எட்டு வரியில் என்னடி எழுதியிருந்த?

அம்மா