செல்வி இல்லையென்று சொன்ன நாள்

ஜூலை 8, திங்கள்
காலையிலிருந்து காற்று. காயப்போட்ட துணி முழுக்கப் புழுதி, மறுபடி அலசல். செல்விக்கு வயிற்றுவலியாம், இன்றும். பள்ளிக்கூடத்திலிருந்து என் அண்ணன் சைக்கிளில் ஏறமாட்டேன் என்று நடந்தே வந்திருக்கிறாள். பனியன் கம்பெனியில் இவருக்குப் பாதிப் பங்குக் கூட்டாளி அண்ணன். குடியிருப்பு எங்கள் மாடியறையில். அவ்வளவு செல்லம் கொடுக்கிற மாமனிடம் என்ன வீம்பு? திட்டினேன்.

செவ்வாய்
தலை பின்னும்போது தானாகக் கேட்டாள்.

"மாமன் கூப்புட்டா இனியும் மாடிக்குப் போகோணுமாம்மா?"

ஏன் என்றேன். கதவைத் தாழ்போட்டுவிட்டு அவன் செய்ததைச் சொன்னாள். இங்கே எழுத முடியவில்லை. வெளியே சொன்னால் அப்பாவுக்குக் கம்பெனி இருக்காது என்றானாம். எட்டு வயசுப் பிள்ளையிடம்.

பின்னல் பாதியில். ரிப்பன் எங்கேம்மா என்கிறாள்.

புதன்
பல்லடம் பஸ். அங்கே லேடி டாக்டர். செல்வியிடம் இதமாகப் பேசினார். நேற்று முழுக்க அவளைத் துருவித் துருவிக் கேட்டேன் என்றதும் என்னைத் தனியே அழைத்தார்.

"திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. தான்தான் தப்புப் பண்ணிட்டமோன்னு கொழந்தை பயந்துக்கும். நம்பறேன்னு சொல்லுங்க, போதும். அவளா சொல்லட்டும்."

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சாப்பிடவில்லை. நாளை எல்லோரையும் வைத்து நேரில் கேட்டுவிடலாம் என்றார். வேண்டாம், அவன் முன்னால் குழந்தையை நிறுத்தாதீர்கள் என்று மன்றாடினேன். கேட்கவில்லை.

வியாழன்
நடந்துவிட்டது. கூடத்தில் இவர், அண்ணன், ராயபுரத்திலிருந்து வந்த என் அம்மா. நடுவில் செல்வி. அண்ணன் சிரித்தான். அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான். செல்வி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"பொய்யிங்க. சும்மா சொன்னேனுங்க."

பிள்ளை கனாக் கண்டிருக்கும் என்றாள் அம்மா. இவர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு!

வெள்ளி
பால் பொங்கி வழிந்தது, பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். எங்கும் உட்கார முடியவில்லை. இரண்டு முறை மாடிப்படி வரை போய்த் திரும்பினேன்.

கிணற்றடியில் அவளுக்குக் கால் கழுவிவிட்டபோது, "நீ சொன்னதை அம்மா நம்பறேன் கண்ணு" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. வாளித் தண்ணீரை வெகுநேரம் அளைந்துகொண்டிருந்தாள். பிறகு:

"நீயும் அம்மாயியும் அழுதீங்க. பொய்யின்னு சொன்னா நிறுத்திருவீங்கன்னு நெனச்சேன்."

பல் துலக்க வந்த இவர் பின்னால் நின்றிருந்தார். கேட்டுவிட்டார். நேரே மாடிக்குப் போனார். அண்ணனின் டிரங்குப் பெட்டி படியில் உருண்டு வந்து விழுந்தது. ஊர் சிரிக்குமே, கம்பெனி போய்விடுமே என்று அம்மா குறுக்கே நின்றாள்.

"போனாப் போகட்டுங்க அத்தை."

அவன் எதுவும் நடக்காததுபோல் தெருவில் நடந்தான்.

சனி
போலீஸ் ஸ்டேஷன். மூவருமாகப் போனோம். முதலில் ஆமாம், அப்புறம் இல்லை, எதைத்தான் எழுதுவது என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டையும் எழுதுங்க. ஏன் இல்லைன்னு சொன்னாங்கறதையும் சேர்த்து எழுதுங்க."

என் குரலா அது. இவரே திரும்பிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் எங்களைத் தவிர மற்றவர்களை அறையிலிருந்து வெளியே அனுப்பினார். செல்வி முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள், முழுக்க.

மதியத்துக்கு மேல் அவனைப் பிடித்துப் போனதாகத் தகவல். அம்மா துணிமணியை மூட்டை கட்டினாள். இனி இந்த ஊட்டு வாசல் மிதிக்கமாட்டாளாம். தடுக்கவில்லை.