முதல் வரிக்கு மேலே ஒரு வரி

அன்புள்ள மேஸ்திரிக்கு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட்டு ஒன்பது மாதம் ஆகிறது. வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று நீ உத்தரவு போட்ட காலத்தில் வைத்த பெயர். இப்போது உத்தரவு போட ஆளில்லை, எல்லாம் கண்ட இடத்தில் கிடக்கிறது. நான் நன்றாகவே இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய். பரிசோதனைக் கூடத்தில் ஏ.சி. எல்லாம் உண்டு என்று எழுதியிருந்தாயே.

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருபத்தைந்தாம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருக்கிறாய். போன தடவை ஊரை விட்டுக் கிளம்பியபோது கேட்காத கேள்வி. இப்போதாவது கேட்கத் தோன்றியதே என்று கடிதத்தை மடித்து அலமாரியில் போட்டுவிட்டேன். பதில் தாமதமானதற்குக் காரணம் அதுதான், தபால்காரர் மேல் பழி போடாதே. போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது, கடிதமே மேல் என்று முடிவு செய்ததும் நீதான்.

சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர் தன் பைக்கை நம் ஜன்னலுக்குக் கீழேதான் நிறுத்துகிறார். நாலு தடவை சொல்லியாயிற்று. "இதோ எடுத்துடுறேன் சார்" என்கிறார், எடுப்பதில்லை. அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

நான் ஒரு வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதே. நூலகத்தின் பின்பக்கத்துக் கம்ப்யூட்டர் அறையில், வாரம் மூன்று காலை, வலைப்பக்கம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். புத்தகங்களுக்குக் கடைசியில் சொல்லடைவு போட்டு இருபத்திரண்டு வருஷம் கழித்தவன் நான். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எழுதியவன். "தேடினா வந்துடுது சார், அப்புறம் அது எதுக்கு?" என்று பதிப்பகத்து மேலாளர் ஒரே வாக்கியத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பினார். அந்த ஆளை நான் இந்த ஜென்மத்தில் மன்னிப்பதாக இல்லை. ஆனால் வேலை முழுக்க வலைக்குப் போய்விட்டது. நானும் போய்த்தான் ஆக வேண்டும்.

வகுப்பில் ஆறு பேர். என் ஒரு பக்கம் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், மறுபக்கம் தையல்காரர். போன வாரம் பட்டியல் போடுவது எப்படி என்று பாடம். எச்.டி.எம்.எல். என்பது கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் குறிப்புதான். 'யு-எல்' என்று ஆரம்பித்தால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு புள்ளி விழும். 'ஓ-எல்' என்றால் ஒன்று, இரண்டு என்று எண் விழும். எதுவானாலும் உள்ளே வரும் ஒவ்வொரு வரிக்கும் 'எல்-ஐ'. எண்ணை நாம் தட்டவே வேண்டாம், அதுவே போட்டுக்கொள்ளும். டிரைவர் தான் ஓட்டிய ரூட்டின் நிறுத்தங்களைப் புள்ளி வைத்துப் போட்டார். தையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இப்படிப் போட்டா பஸ் எந்தப் பக்கம் போகுது?" என்றார். "இருபத்தெட்டு வருஷம் ஓட்டினவன்யா நானு, பஸ்ஸுக்குத் தெரியும்" என்றார் டிரைவர். பாடம் எடுக்கும் பெண்ணுக்கே சிரிப்பு தாங்கவில்லை. "வரிகளை இடம் மாத்திப் பாருங்க. மாத்தியும் சரியா இருந்தா புள்ளி போதும். தப்பாயிடுச்சுன்னா நம்பர் போடுங்க" என்றாள்.

மூன்றாவதாக 'டி-எல்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு சொல், அதற்குக் கீழே சற்றுத் தள்ளி அதன் விளக்கம். சொல்லுக்கு 'டி-டி', விளக்கத்துக்கு 'டி-டி-டி' என்று டிரைவர் மனப்பாடம் செய்தார். சொல்லுக்கு ஆங்கில D-யும் T-யும், விளக்கத்துக்கு இரண்டு D, தமிழில் சொன்னால்தான் எல்லாம் 'டி' என்று திரையைக் காட்டிப் புரியவைப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. எனக்கு அது கைவந்த வேலை. "மேலாளர்: தான் படிக்காத புத்தகத்துக்கு விலை வைப்பவர்." "மைத்துனர்: கூப்பிடாமல் வருபவர்." இப்படிப் பன்னிரண்டு. அந்தப் பெண் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். என் வேலையைப் பார்த்து யாராவது நாற்காலியை விட்டு எழுந்து வந்து வெகுநாள் ஆயிற்று.

இனி எழுதப்போவதை எழுதாமலே விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எண் போட்ட பட்டியலுக்கு, வீட்டில் நடந்ததை எதையாவது வரிசையாக எழுதச் சொன்னார்கள். நான் உன்னைப் பற்றி எழுதினேன். ஒன்று, அண்ணனிடம் போய்ச் சொன்னது. இரண்டு, அவர் வீட்டுக்கு வந்தது. மூன்று, என்னைக் கேட்காமல் மாற்றலுக்குச் சம்மதித்தது. நான்கு, நல்ல பெட்டியை எடுத்துக்கொண்டு போனது. ஒன்பது வரை போயிற்று. உன் அண்ணன் அன்று நம் கூடத்தில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "மாப்ள, சும்மா இருக்கிறதுக்கு நம்ம கிடங்குல வந்து உக்காருங்க, சாமான் வந்துச்சான்னு டிக் அடிச்சா போதும்" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதைச் சொல்ல வைத்தவள் நீ. இத்தனை மாதமும் கதையை அங்கிருந்துதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தையல்காரர் என் திரையையும் எட்டிப் பார்த்தார். "அண்ணன்கிட்ட போய்ச் சொன்னாங்கன்னா, அதுக்கு முன்னாடி ஏதோ நடந்திருக்கணுமே சார்? சும்மா போய் யாரும் சொல்ல மாட்டாங்களே" என்றார். உங்கள் கத்தரிக்கோலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். மனுஷர் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆனால் தேதி சரிபார்க்காமல் ஒரு வரியைக்கூட அச்சுக்கு அனுப்பியவனில்லை நான். அன்று மத்தியானமே காலண்டரை எடுத்துப் பார்த்தேன். வேலை போன கடிதம் நான்காம் தேதி. உன் அண்ணன் வந்தது பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நடுவில் பதினொரு நாள். அந்தக் கடிதத்தை மேஜை மேல் வீசிவிட்டு உள்ளறைக்குப் போனவன், அந்தப் பதினொரு நாளும் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ கதவுக்கு வெளியே நின்று, "எதுவா இருந்தாலும் சொல்லுங்க, சேந்து பாத்துக்கலாம்" என்றாய். சாப்பிடக் கூப்பிட்டாய். நான் கையை மட்டும் ஆட்டினேன். உன் மேல் கோபமே இல்லை அப்போது. மேலாளர் மேல் இருந்த கோபத்துக்கு அவர் வீட்டில் இல்லை, நீ இருந்தாய்.

அடுத்த வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் வரிக்கு மேலே ஒரு 'எல்-ஐ' போட்டு, "பதினொரு நாள் நான் பேசாதது" என்று எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன். ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று, பத்து வரையில் எல்லாம் தானாகவே ஒரு படி கீழே இறங்கிவிட்டன. வரிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். எப்படி மாற்றினாலும் தப்பாகவே வந்தது.

உன் அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. பெட்டி விஷயத்திலும் எனக்கு வருத்தம் உண்டு.

கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ நான் சொல்லமாட்டேன். நல்ல வேலை, நீ சம்பாதித்துக்கொண்ட பேர். நீ இங்கே வர வேண்டும் என்று ஆசைப்படுவதற்கும் அப்படிக் கேட்பதற்கும் நடுவில் எனக்குப் பெரிய கூச்சம் ஒன்று நிற்கிறது. அதனால் வேறொன்று கேட்கிறேன். வரும் சனிக்கிழமை இருபத்திரண்டாம் தேதி. காலை பஸ் ஏறினால் மத்தியானம் அங்கே இருப்பேன். வரலாமா? அந்தப் பதினொரு நாள் நீ எப்படி இருந்தாய், யாரிடம் அழுதாய், எனக்கு எதுவுமே தெரியாது. பக்கத்து அறையில்தான் இருந்தேன், தெரியாது. நீ சொல். நான் குறுக்கே பேசமாட்டேன், பாதியில் எழுந்து போகவும் மாட்டேன்.

வேண்டாம் என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டே சாப்பிடாதே.

பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்