செலீனாவின் கைகளுக்கு அனுமதி வேண்டி

அனுப்புநர்:
ச. அருட்பிரகாசம்,
உப தபாலதிபர்,
ஓலைத்தொடுவாய்,
மன்னார்.

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்விப் பணிமனை,
மன்னார்.

விடயம்: நான்காந் தர வாசிப்பு, எழுத்து மதிப்பீட்டில் ‘சைகை மூலம் விடை பரிமாறினர்’ எனக் குறிக்கப்பட்ட இரு பிள்ளைகளின் விடைத்தாள்களை மீளப் பரிசீலித்தலும், நிறுத்தப்பட்ட கயிற்றுப் பாடத்தை மீள அனுமதித்தலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. செலீனா என்னும் ஒன்பது வயதுப் பிள்ளையின் தகப்பன் என்ற முறையிலும், அவளுடைய வகுப்புத் தோழன் எட்வேட்டின் தாயாரது இசைவுடனும் இம்மனுவைச் சமர்ப்பிக்கின்றேன். எனது பதவியை முகவரிக்காக மாத்திரமே குறிப்பிட்டுள்ளேன். அதன் பேரில் எச்சலுகையும் கோரவில்லை.

2. என் மகள் மூன்றாந் தரம் முடியும் வரை மூன்றெழுத்துச் சொல்லொன்றை வாசிக்கவும் இயலாதவளாய் இருந்தாள். எழுத்துகள் தாளில் நிற்காமல் ஓடுகின்றன என்பாள். கண் வைத்தியரிடம் காட்டினோம். பார்வையில் குறையில்லை என்றார். நாளெல்லாம் பிறர் கடிதங்களின் முகவரிகளை வாசிக்கும் தொழிலுடைய எனக்கு இது எத்தகைய மனத்தாக்கத்தைத் தந்தது என்பது இம்மனுவுக்குப் புறம்பான விடயமாகையால் அதனை விரிக்கவில்லை.

3. உயிலங்குளத்திலிருந்து எமது ஊர்ப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை திருமதி வசந்தமலர் அவர்கள், வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சி பெற்றவர். நெல்வயற் பக்கத்தவரான அவர், ஒரு நாள் எங்கள் கடற்கரையில் முதன்முறையாகக் கரைவலை இழுப்பதைப் பார்த்துநின்றார். வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டை, ஆட்களோடு ஆளாய்க் கயிற்றைப் பிடித்திருந்த என் மகள் ஓரசையும் பிசகாமல் பாடியதைக் கண்டார். மறுநாளே, பாட்டெடுத்துக் கொடுக்கும் யாகப்பர் அண்ணனிடம் சென்று பழைய வலைக்கயிற்றில் ஒரு துண்டு கேட்டார். “ரீச்சர், இவ்வளவு நாளும் மீன் பிடிச்ச கயிறு. இனி என்னத்தைப் பிடிக்கப்போகுதோ, பாப்பம்” என்று சொல்லியே அவர் அதனை வெட்டிக் கொடுத்ததாக அறிகின்றேன்.

4. பாடம் நடைபெற்ற முறை பின்வருமாறு. கயிற்றின் ஒரு முனை பாடசாலை முற்றத்துப் பூவரசில் கட்டப்படும். பிள்ளைகள் வரிசையாய் நின்று, எழுத்தட்டையைப் பார்த்து, ஒலியைப் பாடி, கயிற்றை இழுப்பர். குறிலுக்குச் சிறிய இழுப்பு. நெடிலுக்கு நீண்ட இழுப்பு. மெய்யெழுத்துக்குக் கயிற்றை இறுக்கிப் பிடித்து நிறுத்தல். பின்னர் அச்சொல்லை ஈரமணற் தட்டில் விரலால் எழுதுவர். கண், காது, வாய், கை ஆகிய யாவும் ஒரே வேளையில் ஒரே எழுத்தில் ஈடுபடுவதே இதன் அடிப்படை என ஆசிரியை எனக்கு விளக்கினார்.

5. என் மகள் வாசிக்கத் தொடங்கினாள். வீட்டில் கயிறு இல்லாமையால் தாயாரின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தே சவர்க்கார உறையையும் தேயிலைப் பைக்கற்றையும் வாசித்தாள். “அம்மா, ஆடாதேங்கோ, இன்னும் முடியேல்லை” என்பது அவளது கட்டளை. “இவள் ஒரு பக்கம் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள என்ர சீலை அவிழ்ந்துபோடும்” என்பது என் மனைவி மார்த்தாவின் முறைப்பாடு. அம்முறைப்பாட்டை இங்கு சாட்சியமாக மாத்திரமே பதிகின்றேன். அதன் மீது நடவடிக்கை எதுவும் வேண்டியதில்லை. நாளடைவில் கயிறும் சேலையுமின்றி, வெறுங்கையை மேசைக்குக் கீழே மெல்ல இழுத்து வாசிக்கவும் எழுதவும் பழகிக்கொண்டாள். எட்வேட்டும் அவ்வாறே.

6. கடந்த மாதம் நடைபெற்ற மதிப்பீட்டுக்கு வேறொரு பாடசாலையிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்திருந்தார். படங்களைப் பார்த்துப் பெயர் எழுதும் வினாவின்போது, அடுத்தடுத்த மேசைகளிலிருந்த இவ்விரு பிள்ளைகளின் கைகளும் மாறிமாறி அசைவதைக் கண்டு, சைகை காட்டுவதாகக் கருதி, விடைத்தாள்களை இடையில் வாங்கிக் குறிப்பெழுதினார். அவர் மீது எனக்கு மனக்குறை இல்லை. கயிற்றுப் பாடத்தை அறியாதவனாக அவ்விடத்தில் நான் நின்றிருந்தால் நானும் ஐயுற்றிருப்பேன். ஆயினும், ஐயம் தீர்ப்பாக மாறுவதற்கு முன் ஒரு வினா கேட்கப்பட்டிருக்கலாம் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகின்றேன்.

7. மதிப்பீட்டுக்கான அறிவுறுத்தல்களை முழுமையாக வாசித்தேன். பேசுதல், திரும்பிப் பார்த்தல், குறிப்பு வைத்திருத்தல், தாள் மாற்றுதல் ஆகியன தடுக்கப்பட்டுள்ளன. பிள்ளை தன் கையைத் தான் அசைப்பது எங்கும் தடுக்கப்படவில்லை.

8. மேலும், விடைத்தாள்கள் தங்கள் பணிமனையிலேயே உள்ளன. நண்டின் படத்துக்குத் தான் ‘நடு’ என எழுதியதை எட்வேட் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கின்றான். “மாமா, அந்த இடத்தில கயித்தை இறுக்கிப் பிடிக்க மறந்துபோனன்” என்பது அவனது விளக்கம். என் மகளோ சரியாக எழுதியதாகக் கூறுகின்றாள். இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சைகை மூலம் எதுவும் இடம் மாறவில்லை என்பது தங்களுக்கே புலனாகும்.

9. குறிப்பு வந்த மறுநாள், தங்களது அறிவுறுத்தல் கிடைக்கும் வரை எனக் கூறி, பாடசாலை அதிபர் கயிற்றையும் மணற் தட்டுகளையும் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினார். ஆசிரியை பணிந்து நடக்கின்றார். நானும் குறைகூறவில்லை. ஆனால் வீட்டில் நிகழ்வதை நான் தெரிவிக்காவிடில் வேறெவரும் தங்களுக்குத் தெரிவிக்கப்போவதில்லை. என் மகள் இப்பொழுது இரு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து, அவற்றின் மேல் அமர்ந்துகொண்டே புத்தகத்தைப் பார்க்கின்றாள். முதற் சொல்லிலேயே நின்றுவிடுகின்றாள். கையை எடு மகள் என்றேன். “கை ஆடினால் கள்ளி எண்டுவினம், அப்பா” என்றாள். எவரும் அச்சொல்லை அவளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. தானாகவே அவ்வாறு விளங்கிக்கொண்டாள்.

10. ஆகவே, விடைத்தாள்களை ஒப்பிட்டுக் குறிப்பை நீக்கும்படியும், இரு பிள்ளைகளையும் கைகளுக்குத் தடையின்றி மீண்டும் மதிப்பிடும்படியும், பூட்டிய அறையைத் திறக்க அதிபருக்கு அறிவிக்கும்படியும் வேண்டுகின்றேன். இப்பாடத்தைத் தாங்கள் ஒரு நாள் நேரில் வந்து பார்வையிடுவதாயின் மிகவும் மகிழ்வோம். கயிற்றில் தங்களுக்கும் ஓரிடம் உண்டு.

11. இறுதியாக, விதிகளுக்குட்பட்ட ஒரு சிறு சலுகை. தங்களது பதில் எனக்கு வேண்டாம். ‘செல்வி அ. செலீனா, ஓலைத்தொடுவாய்’ என முகவரியிட்டு, “நீ கையை அசைத்து வாசிக்கலாம்” என்னும் நான்கு சொற்களைச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினால் போதும். பிறர் பெயருக்கு வரும் தபாலைப் பிரிக்க எனக்கு அதிகாரமில்லை. அவளே பிரித்து, அவளே வாசிக்க வேண்டியிருக்கும். அதற்கு அவளுக்குக் கைகள் தேவைப்படும்.

தங்களது நீதியான முடிவை எதிர்பார்த்து நிற்கும்,

(ஒப்பம்) ச. அருட்பிரகாசம்

இடம்: ஓலைத்தொடுவாய்
திகதி: 14.11.2016