வெள்ளிக்கிழமைக்கு வைத்த வாழை

மாசி 14, திங்கள்

காலையில் நல்ல பனி. உளுந்துச் செடி எல்லாம் நனைந்து கிடந்தது. எட்டு மணிக்கு மேல்தான் வெயில்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. வருஷா வருஷம் வீட்டுக்காரருக்குக் கொடுப்பார்கள். இந்தத் தையில் என்னிடம் நீட்டினார்கள். இன்றைக்குத்தான் பிரித்தேன். அஞ்சாவது வரை படித்த கை. கோணலாக வந்தால் வரட்டும்.

வாழைத்தார் வியாபாரி காசி வந்தான். கொல்லையில் முற்றிய பூவன் தார் எல்லாம் வெட்டி ஏற்றினான். வாய்க்கால் ஓரம் நிற்கும் இரண்டை மட்டும் தொடாதே என்றேன்.

"அக்கா, இருக்கறதுலயே அதுதான் நல்ல தாரு. நாலு நாள் விட்டா மரத்துலயே பழுத்துரும்."

"வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல ஆண்டு விழாடா. வாசல்ல கட்டணும்."

"கேட்டாங்களா?"

"கேப்பாங்க."

கேட்பார்கள். வருஷா வருஷம் டிராயிங் சார் நம் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே "வாழை என்னாச்சு?" என்பார். "வெட்டியாச்சு சார்" என்பார் இவர். வெட்டியே இருக்க மாட்டார். அது சாருக்கும் தெரியும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்புறம் காபி.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சின்னதில் நான் அங்கே படித்ததோடு சரி, இந்த வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாரும் போனதில்லை. வாழை மட்டும் போகும்.

வாங்க வேண்டியது: காபித்தூள், கயிறு, பால் கூட ஒரு பாக்கெட்.
ரேஷன் கார்டில் அவர் பேரை எடுக்க எழுதிக் கொடுக்கணும். அப்புறம்.

மாசி 16, புதன்

மூட்டம். மழை இல்லை. பால் திரிந்துவிட்டது.

நேற்று முழுக்க டிராயிங் சார் வரவில்லை. இன்று நாலரைக்கு அவர் வண்டிச் சத்தம். அடுப்பைப் பற்ற வைத்தேன். வண்டி வேகம் குறைந்தது. நிற்கவில்லை. போய்விட்டது. வைத்த தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது.

பொழுது சாய மல்லிகா வந்தாள், முறம் கேட்டு. பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள்.

"வாழை சொல்லியாச்சா?" சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன்.

"திருவையாத்துல சொல்லிட்டாங்கக்கா. மினி வேன்ல வருது."

முறத்தை எடுத்து நீட்டினேன். அவளுக்கே பொறுக்கவில்லை.

"டிராயிங் சாரு உங்களைக் கேக்கலாம்னுதான் சொன்னாரு. எச்.எம். டீச்சருதான், உங்க வீட்டுக்காரரு போயி ஒரு வருசம் ஆவல, நல்ல காரியத்துக்குன்னு எப்படிப் போயி நிக்கிறது, பாவம் மனசு சங்கடப்படும்னாங்க. உங்க நல்லதுக்குத்தாங்க்கா."

"ம்."

நல்லதுக்குத்தான். ஐப்பசியில் அவர் போனதிலிருந்து எல்லோரும் என் நல்லதுக்குத்தான் வராமல் இருக்கிறார்கள்.

ரசம் மட்டும். முறம் திரும்ப வரவில்லை.

மாசி 18, வெள்ளி

வெயில் சுள்ளென்று. காலையிலிருந்தே மைக் செட்டில் ஹலோ ஹலோ.

வீட்டில் இருக்க முடியவில்லை. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். கையில் பை. பஸ்ஸுக்கு நிற்பது போல.

வாசலில் வாங்கி வந்த வாழை. காய் கட்டைவிரல் தண்டிதான். ஒரு மரம் சாய்ந்து நிற்கிறது. மேலே மட்டும் கட்டியிருக்கிறார்கள், இடுப்பில் கட்டு இல்லை. இவர் பார்த்தால் திட்டுவார்.

கும்பல் கும்பலாகப் பெற்றவர்கள். பிள்ளைகள் முகமெல்லாம் ரோஸ் பவுடர். மயில் வேஷம் போட்ட பொண்ணு ஒன்று பாத்ரூம் போகணும் என்று அழுதது. கேட்டிலேயே அதோட அம்மாவுக்கும் டீச்சருக்கும் சண்டை.

"இப்பதான் டீச்சர் தோகைய ஊசி போட்டுத் தச்சேன்!"

"அதுக்காவ அடக்கிக்கிட்டே ஆடச் சொல்றீங்களா? அவுருங்க மொதல்ல!"

பஸ் வந்தது. கண்டக்டர், "ஏறுங்கம்மா, கும்பகோணம்."

"அடுத்த வண்டில வர்றேன்."

"அடுத்த வண்டியும் கும்பகோணந்தாம்மா."

அதையும் விட்டேன்.

கடைசியில் நன்றியுரை. எட்டாவது படிக்கிற பொண்ணு பேப்பரைப் பார்த்துப் படித்தது. பந்தல் போட்டவர், மைக் செட்காரர், நாற்காலி கொடுத்தவர். ஒவ்வொரு பேருக்கும் பிள்ளைகள் கைதட்டு. அப்புறம்: "விழா வாயிலில் குலை வாழை கட்டி அழகு சேர்த்த திரு. கலியமூர்த்தி அவர்களுக்கு நன்றி."

இவர் பேர். போன வருஷத்துப் பேப்பர். பேர் மாற்றாமல் அதையே கொடுத்துவிட்டிருக்கிறார்கள்.

பெரியவர்கள் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது. பிள்ளைகள் தட்டினார்கள். மற்றவர்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. டிராயிங் சார் மேடைக்கு ஓடினார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி, "அவரு செத்துட்டாருல்ல?"

"சும்மா இருடி. அந்தா நிக்கிறாங்க பாரு."

மூன்றாவது பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன்.

மாசி 19, சனி

மாவு புளித்துப் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன்.

மல்லிகா முறத்தோடு வந்தாள். "எச்.எம். டீச்சர் ஒரே அழுவக்கா. நேர்ல வந்து மன்னிப்பு கேக்கணுங்குறாங்க."

"எதுக்கு? நல்லாத்தானே சொன்னாங்க."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நிஜமாகத்தான் சொன்னேன். மைக்கில் அவர் பேர். ஊரே கேட்டது. ஆனால் மரம் இங்கே நிற்கிறது. கொடுக்காததுக்கு அவர் ஒருநாளும் நன்றி வாங்கியதில்லை.

மத்தியானம் காசி. "விழாதான் முடிஞ்சிருச்சே. அந்த ரெண்டையும் கொடுத்துருங்கக்கா."

"முடியட்டும்."

ஒரு தாரில் மேல் சீப்பு மஞ்சள் ஆகிவிட்டது. அணில் வருகிறது. சாக்கைச் சுற்றி வைத்தேன்.

மாசி 21, திங்கள்

பனி இல்லை. விடிந்ததும் அருவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு.

வாழை வெட்டுவது அவர் வேலை. நான் இலை மட்டும்தான் அறுத்திருக்கிறேன். முதல் மரம் அது பாட்டுக்குச் சாய்ந்து காய்ந்த வாய்க்காலில் விழுந்தது. கீழ்ச் சீப்பு நசுங்கல். திட்டினேன். மரத்தையா அவரையா தெரியவில்லை. இரண்டாவதுக்கு மூங்கில் முட்டுக் கொடுத்து, பாதி வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக. பதமாகச் சாய்ந்தது.

மல்லிகா வீட்டுத் தள்ளுவண்டி. அவளே ஒரு பக்கம் பிடித்தாள்.

பள்ளிக்கூடத்து வாசலில் வெள்ளிக்கிழமை மரம் வாடித் தொங்கியது. அறுத்துப் போட்டேன். நம்முடையதைக் கட்டினேன். மேலே ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. நேராக நின்றது.

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள்.

"இன்னைக்கும் விழாவா அத்த?"

"ஆமா."

"அப்ப லீவா?"

"இல்ல."

"அப்புறம் என்ன விழா!"

டிராயிங் சார் வண்டி வந்து நின்றது. இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா... வெள்ளிக்கிழமை... அந்தப் பேப்பரு..."

"வெட்டியாச்சு சார்" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குள் நடந்து போகிற மனுஷருக்கு எதுக்கு ஹெல்மெட்.

பழுத்த சீப்பைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்தேன். மயில் வேஷப் பொண்ணு இரண்டு வாங்கியது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அருவாள் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே விட்டிருக்கிறேன். மல்லிகா எடுத்து வைத்திருப்பாள். கொண்டுவா என்று சொல்லலாம். வேண்டாம். நாளைக்கு நானே போகிறேன்.