கிட்டார்த் துளையைச் சுற்றி ஒரு வளையம்

போன வாரம் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல்லை அவர் குடைய ஆரம்பித்ததும் அந்த வாசனை வந்தது. கருகின முடியும் கடல் உப்பும் கலந்தது மாதிரி, தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும் வாசனை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். நீ சிப்பி அறுக்கும்போது நம் மாடி அறை முழுக்க நிறைந்திருந்த வாசனை அது. நீ போன பிறகு அன்றுவரை அதை நான் எங்குமே முகர்ந்ததில்லை.

நாம் ஒன்றாகப் படித்த கல்லூரி முடிந்ததும் உன்னைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்தார்கள். என்னைக் கோவிலூர்ப் பக்கம். பல வருடம் கழித்து நீ ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தாய். அவரோடு ஒத்துவரவில்லை என்பதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கீழச்சிவல்பட்டியில் நீ அப்பச்சி என்று கூப்பிடும் அப்பாவோடு இருந்தால் வருகிற உறவெல்லாம் காரணம் கேட்கிறது என்று, காரைக்குடியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தாய். பெங்களூரில் கிட்டார் செய்யும் பட்டறை ஒன்றில் கற்றுக்கொண்ட வேலையை அங்கே ஆரம்பித்தாய். கிட்டாரை அவர்கள் செய்வார்கள். அதன் வயிற்றில் இருக்கும் துளையைச் சுற்றிப் பதிக்கிற அலங்கார வளையத்தை மட்டும் நீ செய்து அனுப்புவாய். துணைக்கு என்னைக் கூப்பிட்டாய்.

முதல் நாள் ஒரு வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, இதனால் பாட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன்.

"பாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுடி. தொளை ஓரத்துல மரம் பிளக்காமக் கொஞ்சம் பிடிக்கும்னு சொல்லுவாக. மத்தபடி பாக்கத்தான்" என்றாய்.

பார்ப்பதற்கு என்று நீ சாதாரணமாகச் சொன்ன அதற்காக எவ்வளவு பாடுபட்டாய் என்று பிறகுதான் பார்த்தேன். ஈட்டி மரத்தையும் பலா மரத்தையும் நூல் போலச் சீவி மாற்றி மாற்றி அடுக்கினோம். முட்டை ஓட்டை நொறுக்கிக் கறுப்புப் பிசினில் பதித்துப் பார்த்தோம். காய்ந்ததும் அது வறண்ட கண்மாய் மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது. நீ கைகொட்டிச் சிரித்தாய். ஆனால் பட்டறைக்காரர்கள் விரும்பிக் கேட்டது சிப்பிதான். பச்சையும் நீலமும் ஊதாவும் ஓடுகிற அந்தச் சிப்பி பார்சலில் வரும். தொண்டிக் கரையிலிருந்து வரும் வெள்ளைச் சிப்பியை அதன் நடுவே வைப்பாய். இரண்டையும் சேர்த்து வெயிலில் திருப்பினால், ஈர மணலில் அலை பின்வாங்குவது போல் ஒளி நகரும்.

ரம்பத்தை நீ என்னிடம் கொடுத்ததே இல்லை. நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் மெல்லிய ரம்பம். ஒருமுறை நான் கை நீட்டியபோது அதை உன் மடிக்குள் இழுத்துக்கொண்டாய். "ஒம் பிள்ளைக சின்னதுக. இந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. நீ ஒட்டு, நான் அறுக்குறேன்" என்றாய். அறுக்கும் நேரமெல்லாம் என்னைக் கீழே டீ வாங்கவும் பார்சல் போடவும் அனுப்பிவிடுவாய். தண்ணீர் தொட்டு அறுத்தால் தூசி பறக்காது என்று பட்டறையில் சொல்லித்தான் விட்டிருந்தார்கள். தண்ணீர் பட்டால் சிப்பியின் மேல் ஒட்டிய, வடிவம் வரைந்த காகிதம் ஊறிக் கழன்றுவிடும், கோடு பிசகிவிடும் என்பாய். காற்றடித்தால் துண்டுகள் பறக்கும் என்று சன்னலை அடைத்துவிடுவாய். மின்விசிறியும் போட மாட்டாய். சித்திரை வெயிலில் முகமூடியைப் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று அதைக் கழுத்துக்கு இறக்கிவிடுவாய். நான் திரும்பி வரும்போது உன் புருவத்திலும் கைமயிரிலும் தூசி வெள்ளையாகப் பூத்திருக்கும்.

போட்டுக்கொள் என்று நான் சண்டை போட்ட ஒரு நாள், நீ ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அப்பச்சி பாத்து வச்ச படிப்பு, அப்பச்சி பாத்து வச்ச மாப்பிள்ளை. இது ஒண்ணுதான்டி நானாத் தேடிக்கிட்டது" என்றாய். அதற்கு மேல் உன்னை எப்படித் தடுப்பது?

சில வருடம் கழித்து ஒரு ஆடி மாதம், மாடிப்படியின் பாதியில் நீ உட்கார்ந்துவிட்டாய். மூச்சு வாங்குகிறது, ஒன்றுமில்லை என்றாய். இருமல் மருந்து, காசநோய்ச் சோதனை என்று மாதக்கணக்கில் அலைந்து கடைசியில் மதுரைக்குப் போனோம். நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது, இனி அது விரிந்து கொடுக்காது என்று அங்கே சொன்னார்கள். சிப்பித் தூசியா, மரத்தூசியா, பிறவியிலேயே இருந்த ஏதாவதா, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். நீ தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாய். மறுபடி எப்போது வேலைக்குப் போகலாம் என்று மட்டும் கேட்டாய்.

அப்பச்சி உன்னைக் கீழச்சிவல்பட்டிக்கு அழைத்துப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் வந்தது. ஒருநாள் நீ அசந்து தூங்கியபோது அவர் என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். அங்குட்டு உட்கார்ந்து நாம் என்னதான் செய்தோம் என்று கேட்டார். பையில் வைத்திருந்த வளையம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் நீட்டி நெடுநேரம் பார்த்தார்.

"இது எதுக்கு ஒதவும்?"

"அழகுக்கு, அப்பச்சி."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அதை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மூடிவிட்டுப் போனார்.

அந்தக் கார்த்திகையில் பட்டறையிலிருந்து ஒரு உறை வந்தது. சிப்பியைப் போலவே இருக்கும் பிளாஸ்டிக் தாள் மலிவாகக் கிடைக்கிறது, இனி அதையே வெட்டி ஒட்டிக்கொள்ளப் போகிறோம் என்று எழுதி, ஒரு துண்டையும் வைத்திருந்தார்கள். உன்னிடம் காட்டக் கூடாது என்றுதான் நினைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்தே கேட்டு வாங்கிக்கொண்டாய். உன் சிப்பித் துண்டு ஒன்றை அதன் அருகில் வைத்து இரண்டையும் சன்னல் பக்கம் திருப்பினாய். பச்சை ஓடியது, நீலம் ஓடியது. சட்டென்று பார்த்தால் எது எதென்று எனக்கே தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

"பரவால்லடி" என்றாய். கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "இனி யாரும் அறுக்க வேண்டாம்ல" என்றாய்.

உன்னால் அப்படிச் சொல்ல முடிந்தது. என்னால் இன்றுவரை முடியவில்லை. தை பிறக்கும் முன்பே நீ போய்விட்டாய். காலையில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, இழுக்கத்தான் நீ இல்லை.

இப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன ஆவணியில் இளையாத்தங்குடியில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் ஒரு இளைஞன் கிட்டார் வாசித்தான். பாட்டு முடிந்ததும் அருகில் போய்ப் பார்த்தேன். துளையைச் சுற்றி இருந்தது அச்சடித்து ஒட்டிய ஸ்டிக்கர். ஓரம் உரிந்து சுருண்டிருந்தது. அவன் நன்றாகத்தான் வாசித்தான். கிட்டார் நன்றாகத்தான் ஒலித்தது. கூடத்தில் ஒருவர்கூட அந்த வளையத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடாமலே வந்துவிட்டேன். நீ உன் நெஞ்சைக் கொடுத்தது எதற்கு என்று என்னை யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அழகுக்கு என்று அப்பச்சியிடம் சொன்னதை இன்னொரு தடவை சொல்லும் தைரியமும் இல்லை.

பல் மருத்துவரிடம் போய்வந்த மறுநாளே எனக்குள் ஒரு பயம் வந்தது. நானும் அந்த அறையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவள்தானே. போய் எக்ஸ்ரே எடுத்தேன். மருத்துவர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமே இல்லை என்றார். நீ ரம்பத்தை உன் மடிக்குள் இழுத்துக்கொண்டது கண்ணுக்குள் வந்தது. கைப்பையை அங்கேயே மறந்து வெளியே வந்து, திரும்பிப் போய் எடுத்தேன்.

பேருந்தில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் மடியில் இருந்த பெரிய எக்ஸ்ரே உறையைப் பார்த்துவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தார். ஒன்றும் இல்லையாம் என்றேன்.

"அப்புறம் ஏன் அழுகுறீக?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு தடையில்லாமல் உள்ளே போய், தடையில்லாமல் வெளியே வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.