படத்தில் வெள்ளையாக இருக்கும் இடம்

மலை நிலையம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டு உன் வாயைக் கிளறப் போவதில்லை. களத்தில் காயப்போட்ட பச்சைச் செங்கல் அத்தனையும் ஒரே மழையில் சேறாகிப் போனவனிடம் நலம் விசாரித்தால் அடிக்கத்தான் வருவான். நீயும் போனில் அடிக்காத குறையாகத்தான் பேசினாய். பேசட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அக்காவிடம் பேசாமல் வேறு யாரிடம் பேசுவாய்?

ஆனால் நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சூளையில் இருந்தவர்கள் எல்லாம் "ராடாரக்கா பேசுறாங்க, ராடாரக்கா பேசுறாங்க" என்று கூடிவிட்டார்கள். கூட்டத்துக்கு முன்னால் உன்னைத் திட்டவும் முடியவில்லை, உள்ளதைச் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் கடிதம். இதை ஸ்பீக்கரில் போட முடியாது. தனியாக உட்கார்ந்து படி.

நீ கேட்டது ஒரே கேள்வி. "உன் ராடார் படத்துல எங்க ஊரு வெள்ளையாத்தானே இருந்துச்சு? வெள்ளைன்னா மழை இல்லைன்னுதானே அர்த்தம்?"

இல்லை தம்பி. பச்சை என்றால் தூறல், மஞ்சள் என்றால் மழை, சிவப்பு என்றால் கொட்டப் போகிறது. அதெல்லாம் நீ சரியாகத்தான் படித்து வைத்திருக்கிறாய். வெள்ளைக்கு மட்டும் இரண்டு அர்த்தம். ஒன்று, மழை இல்லை. இன்னொன்று, எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டுக்கும் அதே வெள்ளைதான் போடுகிறார்கள். உங்கள் ஊருக்கு எப்போதும் இரண்டாவது அர்த்தம்தான்.

எங்கள் நிலையத்துக்கும் உங்கள் ஊருக்கும் நடுவில் அந்தப் பெரிய மலை நிற்கிறதல்லவா? ராடார் அலை மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. மொட்டை மாடியில் நிற்கிறவளுக்கு எதிர்வீட்டுக் கூரை தெரியும். அந்த வீட்டுக் கொல்லையில் யார் துணி துவைக்கிறார்கள் என்று தெரியுமா? நீங்கள் கொல்லையில் இருக்கிறீர்கள். உங்கள் மழையோ அடிவாரத்தில் தாழ்வாகத் திரண்டு, நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்க்கிற மழை. அது மலைக்கு மேலே தலையை நீட்டினால்தான் எங்கள் கண்ணில் படும். அதற்குள் நீங்கள் நனைந்து முடித்திருப்பீர்கள்.

போதாததற்கு எங்கள் ராடார் கிழடு. கரண்டு போனால் படுத்துவிடும், ஏசி நின்றால் சூடேறித் தானே அணைந்துகொள்ளும். அதைச் சுற்றவைக்கிற மோட்டார் இப்போது முனக ஆரம்பித்திருக்கிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கே நேரமெடுக்கிற காது மந்தமான பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கிறது என் வேலை.

உன் மனைவி சொன்னாள். ஊரில் உனக்கு மழைக்காரர் என்று பெயராமே? துணி காயப்போடுவது முதல் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடப்பது வரைக்கும் உன்னைக் கேட்டுத்தான் செய்கிறார்களாம். நீயும் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்க அக்கா மேல உட்கார்ந்து பாத்துக்கிட்டேதான் இருக்கா, தைரியமாப் போங்க" என்கிறாயாம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்று செய். பெருமழைக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துகொண்டு இங்கே வந்துவிடு. சூளைக்கு ஆற்று மண் வேண்டும், சரி. வீட்டுக்கு எதற்கு ஆற்றங்கரை? உன் மாமா அன்றைக்கு என் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த ஸ்பீக்கரில் எல்லார் காதிலும் விழும்படி "ராடாரை நம்பிக் கல்லைக் காயப்போட்ட ஒரே ஆளு நம்ம மச்சான்தான்" என்று சிரித்ததை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் வாய் அப்படி. மனுஷன் அப்படி இல்லை. அந்தச் சொல்லுக்காக இந்த வாசலை மிதிக்காமல் இருக்காதே.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. நாடு முழுக்க ராடார்களைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். தலைநகரிலிருந்து நிபுணர்கள் எங்கள் நிலையத்துக்கும் வருகிறார்கள். உங்கள் பக்கம் ஒன்று வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். விடமாட்டேன், உனக்கே தெரியும் என் குணம்.

பெரியவளையும் சின்னவனையும் அத்தை கேட்டதாகச் சொல். உன் மனைவியைத் திட்டாதே, அவள் கோள் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அக்கா.


மலை நிலையம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. வர முடியாது என்கிறாய். சூளைக்கு நெருப்பு வைத்தாயிற்று, வெந்து ஆறும்வரை அசைய முடியாது, நீ மூட்டையைக் கட்டினால் ஊரே பயந்து மூட்டையைக் கட்டும் என்கிறாய். கட்டட்டுமே! கடைசியில், தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று எழுதியிருக்கிறாய். பாவி, எழுதுவதற்கு உனக்கு வேறு பழமொழியே கிடைக்கவில்லையா?

நிபுணர்கள் வந்துபோனார்கள். அதைப் பற்றி எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். தொப்பி போட்ட ஒருவர்தான் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். மேஜை மேல் பெரிய வரைபடத்தை விரித்தார். ஒவ்வொரு ராடாருக்கும் ஒரு வட்டம். நாடு முழுக்க வட்டம் வட்டமாக, எள் போட இடமில்லாமல் இருந்தது. உங்கள் ஊர் எங்கள் வட்டத்துக்குள் இருந்தது. ஓரத்தில்கூட இல்லை, நன்றாக உள்ளே.

ஐயா, நடுவில் மலை இருக்கிறதே என்றேன். அவர் குனிந்து பார்த்தார். காகிதத்தில் மலைக்கு ஏது உயரம்? தட்டையாக வழவழவென்று கிடந்தது. "இந்த ஊரு ஏற்கனவே கவர் ஆயிருக்கேம்மா" என்றார். கவர் ஆகிவிட்ட ஊருக்கு இன்னொரு ராடார் கேட்டால் தணிக்கையில் கேள்வி வருமாம். நான் விடவில்லை. ஜன்னலுக்குக் கூட்டிப்போய், அதோ அந்த மலைதான் ஐயா என்று கையை நீட்டிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கே" என்று சொல்லி, போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ஆக, புது ராடார் வரும். வந்து இதே மலையில், இதே இடத்தில், இதே கட்டடத்தின் மேல்தான் உட்காரும். இங்கேதான் சாலை இருக்கிறது, கரண்டு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறோம். கண்ணுக்குப் புதுக் கண்ணாடி மாட்டினால் சுவருக்குப் பின்னால் தெரிந்துவிடுமா? அதுவும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டாருக்கு உதிரி பாகம் கேட்டால், புது ராடார் வரும்போது பழசுக்கு எதற்குச் செலவு என்கிறார்கள். புது ராடார் எப்போது என்று கேட்டால், பழசு இன்னும் ஓடுகிறதே, என்ன அவசரம் என்கிறார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்.

சரி, தெரியாத இடத்துக்கு வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் நிறமாவது போடுங்கள், ஜனங்கள் புரிந்துகொள்வார்கள் என்று எங்கள் மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை தம்பி. நான் கேட்டதை அவர் மேலிடத்திலும் கேட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, "பாதி நாடு சாம்பலாயிடும்மா, பரவாயில்லையான்னு கேக்குறாங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்ததாக நடந்ததைக் கேள். தினமும் நான் எழுதுகிற அறிக்கையில் உங்கள் பக்கத்துக்கு நேராக "மழை தெரியவில்லை" என்று எழுதினேன். சாயங்காலம் ரேடியோவில் வாசித்தார்கள், "மழை இல்லை" என்று. மறுநாளும் எழுதினேன். மறுநாளும் இல்லை என்றே வாசித்தார்கள். நடுவில் யாரோ ஒரு புண்ணியவான் என் தமிழைத் திருத்திக்கொண்டிருக்கிறார். மேலதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியலைன்னு சொல்றதுக்காம்மா நமக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்றார். இப்போது எழுதவே வேண்டாம், உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம் வைத்துவிட்டார்கள். ஒன்றில் டிக் அடிக்க வேண்டும்.

நீயாவது சொல் தம்பி. கண்ணுக்குப் படாததையும் தெரியவில்லை என்கிறோம், அறியாததையும் தெரியவில்லை என்றுதான் சொல்கிறோம். எனக்கு இரண்டும்தான். நாளைக்கு யாராவது ஆற்றைக் கடக்கலாமா என்று உன்னிடம் வந்து கேட்டால், போனைப் பார்க்காதே. எனக்குத் தெரியாது என்று சொல். மழைக்காரருக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கே அந்த வார்த்தை வாயில் வரவில்லையே, உன்னை எப்படிக் குறை சொல்வேன்?

உன் மனைவியிடம் போனில் பேசினேன். நீயாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். "அவரு வராம நான் வர மாட்டேன் அண்ணி" என்கிறாள். அழுத்தத்தில் உனக்கேற்ற ஜோடிதான்.

உன் மாமாவிடமும் சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "அவன் என் மேல இருக்குற கோவத்துல அங்க உட்கார்ந்திருக்கான். நான் சொன்னது தப்புன்னு எழுது. வந்தா நேர்லயும் சொல்றேன்" என்றார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

வர முடியாவிட்டால் ஆற்றையாவது பார்த்துக்கொண்டிரு. தண்ணீர் கலங்கி, மரம் மட்டையெல்லாம் மிதந்து வந்தால் ஒரு நிமிஷம் நிற்காதே. எங்கள் படத்தை நம்பாதே. என்னை நம்பு.

இப்படிக்கு,
அக்கா.


பஸ் ஸ்டாண்டு.

தம்பி,

உன் போன் நேற்றிலிருந்து அடிக்கவில்லை. உன் மனைவி போனும் அப்படித்தான். உங்கள் பக்கம் டவர் சாய்ந்துவிட்டது என்கிறார்கள். உங்கள் ஊர் பஸ் கிளம்பப் போகிறது. இதை டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். "பாலம் வரைக்கும் போவேன்க்கா. அதுக்கு அந்தப் பக்கம் தண்ணி விட்டாத்தான்" என்றார். பாலத்தில் யாராவது உங்கள் ஊர்க்காரர் நின்றால் கொடுத்துவிடச் சொன்னேன். மழைக்காரர் என்றதும் உன்னைத் தெரியும் என்றார்.

ராடார் நின்றுவிட்டது. மோட்டார் முனகி முனகி அடங்கிப் போனது. மேலதிகாரி நனைந்துகொண்டே மேலே ஏறிப்போய்க் கையால் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. இப்போது எங்கள் வட்டம் முழுக்க வெள்ளை. நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று எங்கேயும் போடவில்லை. இதை நீ பார்த்துக்கொண்டிருப்பாயோ என்று முதலில் பயந்தேன். அப்புறம்தான் டவர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதற்குச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

இங்கே மழை பலமாக இல்லை. ஆனால் மலைக்குப் பின்னால், உங்கள் பக்கம், விடாமல் மின்னுகிறது. ராடார் எதற்கு, கண்ணே போதும். காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி உடனே அதில் கையெழுத்துப் போட்டார். "போம்மா" என்றார்.

உன் மாமா உள்ளறையைக் காலி செய்துவிட்டார். நான் சொல்லவில்லை, அவராகவே. பிள்ளைகளுக்குக் கட்டிலைப் போட்டு, எரியாமல் கிடந்த பல்பையும் மாற்றியிருக்கிறார். எனக்குப் பின்னாலேயே குடையை எடுத்துக்கொண்டு வந்து, அதோ அந்தக் கடை ஓரத்தில் நிற்கிறார். நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார்.

சூளை நனைந்தால் நனையட்டும். பாலம் தாண்ட முடியாவிட்டால் மேட்டுப் பள்ளிக்கூடத்து மாடிக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போ. நீ சொன்னால் ஊர் கேட்கும். இந்த ஒரு தடவை அந்தப் பேரை வைத்துச் சொல். நீ வராவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகளை அனுப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். நீ வர வேண்டும். எனக்கு நீ வர வேண்டும்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நான் இங்கேயேதான் இருப்பேன். உங்கள் பக்கத்திலிருந்து எந்த பஸ் வந்தாலும் கதவோரம் போய் நின்று, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன். எனக்கு இனிமேல் பார்க்க வேறெதுவும் இல்லை.

நன்றாக இருங்கள் என்றுதான் வாழ்த்தி முடிப்பார்கள். நன்றாகக்கூட வேண்டாம் தம்பி. இருங்கள்.

அக்கா.