மணி கேட்காமல் வருவேன்

என் ரோஸி,

நேற்று ஒன்பதாம் வகுப்புக்கு ‘ட்ராப் இன்’ என்ற இங்கிலீஷ் சொல்லை நடத்தினேன். முன்கூட்டிச் சொல்லாமல், போகிற போக்கில் ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவது என்றேன். “ஒரு வாக்கியம் சொல்லுங்க டீச்சர்” என்றாள் ஒருத்தி. உன் வாக்கியம்தான் வாயில் வந்தது.

பதினோரு வருடம், ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு நோட்டு திருத்தியபடி அதையே சொன்னாய்.

“இரும்புலியூர்ல இருக்கிற எங்க வீடு என்ன இங்கிலாந்துலயா இருக்கு? சாயங்காலம் ட்ராப் இன் பண்ணு சரோ.”

“எத்தனை மணிக்கு?”

“மணி கேட்டா அது ட்ராப் இன் இல்லடி, இன்ஸ்பெக்‌ஷன்!”

சிரித்தேன். வரவில்லை. இங்கிலீஷ் டீச்சருக்கு அதன் பொருள் தெரியாமலா? நான் வந்தால் ஒரு நாள் நீயும் வருவாய். வேற்று மதத்தாருக்கென்று என் மாமியார் ஜன்னல் விளிம்பில் தனியாக ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதில் உனக்குக் காபி தர என் கை எப்படி நீளும்? அவரை எதிர்த்துப் பேசவும் தைரியம் இல்லை. தலைவலி, தையல், விருந்தாளி என்று எதையாவது சொல்லி நழுவினேன். உனக்குக் காரணம் தெரிந்திருந்ததா ரோஸி? ஒரு நாள்கூட ஏன் என்று நீ கேட்கவில்லையே.

நல்லதுக்குக் கூப்பிட்டால் போகணும், துக்கத்துக்குக் கூப்பிடாமலே போகணும் என்பார்கள். நீ போய்விட்டாய் என்று செய்தி வந்ததும் கையில் சாக்பீஸ் தூசியோடு ஓடி வந்தேன். உன் வீட்டுக்குள் நான் சொல்லாமல் நுழைந்தது அன்றுதான்.

கூடத்து மூலையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள். “ஒண்ணு உங்களோடது ஆன்ட்டி. அதுல துணி போட்டா அம்மா திட்டுவாங்க” என்றாள் உன் மகள் மெர்சி. நான் கடைசி வரை நின்றுகொண்டேதான் இருந்தேன்.

போன சனிக்கிழமை மெர்சி வந்தாள். காலேஜ் விட்டுப் போகும் வழியாம். “சும்மா வந்தேன் ஆன்ட்டி.” அப்படியே உன் குரல். காபி போட்டு, நான் குடிக்கும் டம்ளரில் ஊற்றினேன்.

“ஜன்னல்ல இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?” என்றார் மாமியார் உள்ளிருந்து.

“தெரியுது அத்தை. இவ என் தங்கச்சி பொண்ணு.”

மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவுதான். பதினோரு வருடம் நான் பயந்தது இவ்வளவுக்குத்தானா? இதை உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இனி வாரத்தில் ஒரு சாயங்காலமாவது இரும்புலியூர் வருவேன். நாள் சொல்ல மாட்டேன், மணி கேட்க மாட்டேன். வீடு போட்டது போட்டபடி கிடந்தாலும் சரி, மெர்சியும் அவள் அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. எனக்கென்று நீ காத்து வைத்த நாற்காலியில் உட்காருவேன்.

ஆன்ட்டி என்று கூப்பிடக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மெர்சியின் பெரியம்மா,
சரோ